காலையில் ஓடாத யந்திரம்

எங்கள் வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு யந்திரம் குடியேறியபோது நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். என் கணவர் காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். நான் புதுப் புடவை கட்டினால் அவர் கண்ணில் படாது. அதில் ஒரு திருகு தளர்ந்தால் வாசலிலிருந்தே தெரிந்துவிடும். "இன்னிக்கு உங்க ரெண்டாம் தாரம் எப்படி இருக்கா?" என்று கேட்டால் கோபப்படவும் மாட்டார். "கொஞ்சம் சொகமில்லே" என்று நிஜமான கவலையோடு பதில் சொல்வார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. மலாக்காவில் காஜா பேராங் பக்கம் ஒரு பலகை வீட்டில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவர் ஒயர்மேன். ரப்பர் ஆலை ஒன்றில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆலையை மூடிவிட்டதும் வீடு வீடாகப் போய் விளக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தான் வேலை செய்கிற கப்பல் பட்டறையில் ஒயர்மேன் இடம் ஒன்று காலியாக இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு வந்து சேரச் சொன்னார்.

குடும்பம் என்றால் நான்தான். நான் புறப்பட்டால் என் வேலை போய்விடும். பயிற்சி முடித்து, கலியாணத்துக்குப் பிறகும் விடமாட்டேன் என்று இரு வீட்டாரோடும் மல்லுக்கட்டி, நிரந்தரமாக வாங்கிய வேலை அது. கரும்பலகை முன்னால் நின்றால்தான் நான் முழு ஆளாக இருந்தேன். இதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வேன். அண்ணன் சொல்லி அனுப்பியதற்கு இவர் என்ன பதில் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "போவோம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். யந்திரம் ஓடினால் மலாக்கா, ஓடாவிட்டால் சிங்கப்பூர் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

யந்திரத்துக்கும் ஊரைவிட்டுப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அப்போது ஊரெல்லாம் பெயர்ப்பலகை மாறிக்கொண்டிருந்தது. புதிய நாடு, தேசிய மொழி மலாய், கடைக்குக் கடை புதுப் பலகை. மரத்தில் தனித்தனியாக எழுத்து வெட்டிப் பலகையில் பதிப்பது அன்றைய நாகரிகம். பக்கத்து ஊரான மூவாரில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, இந்த வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். என் கணவர் முன்பு அவர் கடைக்கு ஒயரிங் போட்டவர். கையால் வெட்டுகிற ஆட்கள் போதவில்லை, ஒருவன் வெட்டுகிற எழுத்து மாதிரி இன்னொருவன் வெட்டுவதுமில்லை என்று அவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "நான் மெஷின் செய்றேன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் சொன்னது மறுநாள்தான்.

யந்திரம் பார்ப்பதற்கு அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மேசை. பழைய பட்டாளத்து லாரிகளில் மழைக்குக் கண்ணாடி துடைக்கும் மோட்டார் இரண்டு. ஒன்று மேசையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தும், மற்றது முன்னும் பின்னும் தள்ளும். மேசையின் ஒரு பாதியில் தகரத்தில் வெட்டிய எழுத்து, மறுபாதியில் மரப்பலகை. தகரத்துக்கு மேலே ஒரு ஊசி, மரத்துக்கு மேலே சுழலுகிற உளி. ஊசி தகரத்தின் ஓரத்தைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து, ரிலே என்கிற சின்னச் சாமான் 'டக்' என்று இழுக்கும். உடனே மேசை பின்னால் போகும். தொடுவது விட்டதும் ரிலே விட்டுவிடும், மேசை முன்னால் வரும். இப்படித் தொட்டும் விட்டும் ஊசி ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும். கண் தெரியாதவர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பாரே, அந்த மாதிரி. மறுபக்கத்தில் உளி அதே எழுத்தை மரத்தில் வெட்டிவிடும்.

தகர எழுத்துகளை வரைந்தது நான். என் கரும்பலகை எழுத்துக்குப் பள்ளியில் நல்ல பெயர். ரிலே ஏதோ பழைய டெலிபோனிலிருந்து கழற்றியது. தொட்டாற்சிணுங்கி. துளி மின்சாரம் பட்டால் போதும், துள்ளிவிடும். கம்பிகளெல்லாம் வந்து சேருகிற இடம் மேசைக்குப் பக்கத்தில் படுக்க வைத்த ஒரு மரப்பலகை. அதில் பித்தளைத் திருகுகள் நெருக்கமாக வரிசை வரிசையாக இருக்கும். மூடி கிடையாது. "மூடி கெடக்கட்டும், மொதல்ல ஓடட்டும்" என்பார்.

ஓடியது! முதன்முதலில் வட்டமாக ஆங்கில 'ஓ' எழுத்து வந்து விழுந்தபோது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர அதிகம் வராது. "அம்போய்! பண்டாய் பெத்துல் லாக்கி லு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். உன் வீட்டுக்காரர் மகா கெட்டிக்காரர் என்று அர்த்தம். அதோடு விட்டாரா? தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் கொட்டகை கோயில் திருவிழா மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு 'அம்போய்' சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது.

நான் காலையில் பள்ளிக்குப் போய் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவேன். கொட்டகை வாசலில் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"காலையிலே மறுபடி பேய் புடிச்சிருச்சு. ஊசி தகரத்தத் தொடவே இல்லே. அது பாட்டுக்குப் பின்னால ஓடுது. பலகையப் பாரு, எலி கடிச்ச மாதிரி வெட்டி வச்சிருக்கு."

"எங்கே, இப்ப போடுங்க பாப்போம்."

போடுவார். சக்களத்தி புது மருமகளைப் போல அடக்க ஒடுக்கமாக ஓடும். எழுத்து வழவழவென்று வரும். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. ரிலேயின் முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்தார். மோட்டாருக்குள் பறக்கிற பொறிதான் ரிலேயைக் குழப்புகிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். அதற்குச் சாட்சி, மோட்டார் ஓடினால் எங்கள் ரேடியோவும் கரகரக்குமாம். ரிலேக்கென்று தனி பேட்டரி வந்தது. ஊசியிலிருந்து வரும் கம்பியை மாற்றி, மோட்டார் கம்பியிலிருந்து முழம் தள்ளிக் கொண்டுபோனார். ஒவ்வொரு தடவையும் மதியம் நன்றாக ஓடும், "புடிச்சிட்டேன்" என்று மீசையை முறுக்குவார். மறுநாள் நான் திரும்பும்போது மீசை பழையபடி தொங்கும். வீட்டில் எல்லாமே ஏறுமாறாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜாடியில் கல்லுப்புகூட வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனது. ஊறுகாய்க்குப் போட்டதை மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உள்ளே ஒரு புழு குடைந்தது. நான் இருந்தால் ஓடுகிற யந்திரம் நான் இல்லாதபோது மட்டும் ஏன் ஓடவில்லை? சிங்கப்பூர் ஆசையை வைத்துக்கொண்டு, சாக்குக்கு யந்திரத்தின்மேல் பழி போடுகிறாரா? மனசில் வந்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சிங்கப்பூருக்குப் போகணும்னா நேரா சொல்லுங்க. வாயில்லாத மெஷின் மேல ஏன் பழி போடுறீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை தவுக்கே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பள்ளி இல்லை. விடிவதற்கு முன்பே மழை பெய்து, கொட்டகைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் முக்காலியைப் போட்டு யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

மேசை நாலு விரற்கடை போவதற்குள் 'டக்'. ஊசி தகரத்தைத் தொடவில்லை, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஆனாலும் மேசை பின்னால் பாய்ந்தது. மறுபடி முன்னால் வந்து மறுபடி 'டக்'. எழுத்தின் முதுகு முழுக்கப் பல் முளைத்துக்கொண்டே போனது. மனுஷன் பொய் சொல்லவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தில் கைதட்டாத குறை. அடுத்த நிமிஷமே மறுநாள் தவுக்கே வருவது நினைவுக்கு வந்தது.

"இருங்க, இதுக்கு எங்க கிளாஸ்ல ஒரு வழி இருக்கு" என்றேன்.

இரண்டாம் வகுப்பில் கூச்சல் வந்தால் எல்லாரும் ஒருவனையே கைகாட்டுவார்கள். நான் அவனை வெளியே நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொள்வேன். கூச்சல் நின்றால் அவன்தான். நிற்காவிட்டால் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டு அடுத்தவனை அனுப்புவேன். "ஊசிக் கம்பிய வெளிய அனுப்புங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது. ஊசிக் கம்பியைத் திருகிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டார். ரிலே கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு 'டக்'. அப்படியானால் ஊசி நிரபராதி. மோட்டார் இரண்டையும் நிறுத்தினார். அப்போதும் 'டக்'. மோட்டாரும் நிரபராதி. மிச்சம் இருந்தது கம்பிகள் கூடுகிற அந்த மரப்பலகைதான்.

நான் குனிந்து பார்த்தேன். திருகுகளின் தலையில் பச்சை பூத்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, திருகுகளுக்கு நடுவில் மட்டும் மரம் வேர்த்துக் கிடந்தது. அங்கங்கே வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தினம் சமைக்கிறவள் என்ன செய்வாள்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"உப்பு."

"கடல் காத்து" என்றார் உடனே. கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். "கிளேபாங் பக்கம் கடல் எவ்வளோ கிட்ட இருக்கு. காத்துல உப்பு வரும். இரும்பையே தின்னுடும் தெரியுமா?"

நான் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துத் திருகின் அடியில் கிளறினேன். கறுப்பாக ஒன்று உருண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கடுகு. இன்னும் கிளறினால் மிளகாய் விதை.

"கடல் காத்துல கடுகும் வருமா? மொளகா வெதையும் வருமா?"

மின்சாரத்தில் புலி என்று பெயர் வாங்கிய மனுஷன், மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பல்பைக்கூட நம்பாத மனுஷன், காது மடல் வரைக்கும் அசடு வழிய நின்றார்.

"அன்னிக்கு அத்தன பேரு வந்து பாத்துட்டுப் போனாங்கல்ல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் ஒரு கைப்புடி எடுத்து மெஷினுக்குச் சுத்திப் போட்டேன்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறமும் நின்னுபோச்சு. அப்ப கண்ணு பெருசுன்னு நெனச்சு, இன்னும் கொஞ்சம் அள்ளி…"

"எத்தன தடவ?"

"ஓடாத அன்னிக்கெல்லாம்" என்றார்.

எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முக்காலியிலிருந்து விழப் பார்த்தேன். ஆளுக்கு ஏற்ற அகலமான கை. அதில் உப்பும் கடுகும் மிளகாயும் வழிய வழிய அள்ளிக்கொண்டு, மேசையைச் சுற்றி மும்முறை வீசியிருக்கிறார். சிந்தியதெல்லாம் மூடியில்லாத பலகையில். காலை ஈரத்தை உப்பு இழுக்கும். ஈர உப்பின்மேல் மின்சாரம் ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்குத் திருட்டுத்தனமாக நடந்து போகும். தொட்டாற்சிணுங்கி ரிலே, ஊசி தொட்டுவிட்டது என்று துள்ளும். மதிய வெயிலில் கூரைத் தகரம் கொதித்து எல்லாம் காய்ந்துவிடும், யந்திரம் நல்ல பிள்ளையாகிவிடும். மறுநாள் காலை ஓடாது. ஓடவில்லையே என்று இன்னொரு கைப்பிடி! உப்பைத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்பார்கள். எங்கள் யந்திரம் அதைத்தான் செய்தது. நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டி "அப்பா ஹால்?", என்ன சங்கதி என்று மலாயில் விசாரித்தார். என்ன விஷயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கண்ணும்தானே கணக்கில் இருந்தது.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ சிரிப்பே" என்றார். அதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பகல் முழுக்க வேலை. பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டோம். வீட்டு ஒயரிங்குக்கு வைத்திருந்த பீங்கான் துண்டுகளில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பூட்டி, பிஸ்கட் டின்னை வெட்டி மூடியும் போட்டார். பூட்டப் பூட்டப் பாட்டு வேறு. ஆனால் எனக்குச் சின்ன வருத்தம் ஒன்று ஒட்டிக்கொண்டது. இத்தனை உப்பும் யந்திரத்துக்காகத்தானே? எனக்கு ஒரு நாள் தலைவலி என்றால் "தைலம் போட்டுக்க" என்பதோடு சரி. சக்களத்திக்கு மட்டும் இத்தனை கைப்பிடி. அது ஓடாவிட்டால் இவர் என்னைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகத்தான் போகிறார் என்ற எண்ணம் அப்போதும் மாறவில்லை.

ஞாயிறு காலையும் ஈரமாகத்தான் விடிந்தது. தவுக்கே வேனை வாசலில் நிறுத்திவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நேரே கொட்டகைக்குள் போனார். எல்லா எழுத்தையும் விட்டுவிட்டு, நெளிந்து நெளிந்து போகிற 'எஸ்' எழுத்தை வெட்டிக் காட்டு என்றார். கோணல் வந்தால் அதில்தான் வரும் என்று தெரிந்த ஆள். என் கணவர் சுவிட்சைப் போட்டார். நான் கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு, கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். ரிலே சீராக, தொட்டால் மட்டும் டக், விட்டால் மட்டும் டக் என்றது. எழுத்து பலகையிலிருந்து பிரிந்து விழுந்ததும் தவுக்கே அதை எடுத்து ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் தடவினார். எங்கேயும் விரல் தடுக்கவில்லை.

"பகூஸ்" என்றார். நல்லது.

கோப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். இவ்வளவு நல்ல யந்திரத்தை ஏன் ஒழுகுகிற கொட்டகையில் வைத்திருக்கிறாய்? மூவாரில் என் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, மேலே மாடியில் குடியிருந்துகொள், வாடகை வேண்டாம், நாளைக்கே லாரி அனுப்புகிறேன் என்றார். சிங்கப்பூருக்குத் தப்பி மூவாரில் விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் எந்த ஊருக்குப் போனாலும் போனதுதானே.

என் கணவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தா போலே, தவுக்கே. பினி சாயா சிக்கு. செகோலா டியா சினி."

முடியாது தவுக்கே, என் மனைவி ஆசிரியை, அவள் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

தவுக்கேக்கு இது விளங்கவில்லை. மூவார் வேண்டாம் என்கிறாயே, சிங்கப்பூரில் உனக்கு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேனே, அங்கேயா போகப் போகிறாய் என்றார். அதற்கு என் கணவர் சாவகாசமாக மலாயில் பதில் சொன்னார். அண்ணன் ஆள் அனுப்பிய அன்றைக்கே, அந்த ஆளிடமே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. அந்த இடத்துக்கு இந்நேரம் வேறு ஆள் வந்திருப்பான்.

அன்றைக்கே! யந்திரம் ஒரு எழுத்துகூட வெட்டாத காலம் அது. அப்போதிருந்தே அவர் கையில் வேறு நிலையான பிழைப்பு இல்லை. இந்த யந்திரம் ஒன்றுதான். மீட்டரை மட்டும் நம்புகிற மனுஷன் உப்பு ஜாடியில் ஏன் கையை விட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தவுக்கே என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கையிலிருந்த எழுத்தைப் பார்த்தார். சரி, பலகையை நானே இங்கே அனுப்பி வைக்கிறேன், எழுத்தை வேனில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மிச்சக் கோப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் பொறுத்திருந்தேன்.

"சிங்கப்பூருக்கு வரலேன்னு சொன்னத என்கிட்ட ஏன் சொல்லலே? நான் அவ்வளோ பேசினேனே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்லே?"

அவர் மேசையிலிருந்த மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா, மெஷின் ஓடாமப் போனா உன்னாலதான் சிங்கப்பூர் போகலேன்னு நீ நெனச்சுக்குவே. நீ நிம்மதியா பாடம் நடத்த வேணாமா?"

அவர் பக்கத்தில் போய் நின்று நானும் மரத்தூளை ஊதினேன்.